பதினொன்றை அழுத்துங்கள்

பாஸ்போர்ட்டைக் கொடுங்கள், நகல் எடுக்க வேண்டும்.
அதுவரை அந்த நாற்காலியில் உட்காருங்கள்.
பூனையைத் தள்ளிவிட்டால் கோபிக்காது.

சோங்சிங்கில் தரைத்தளம் எது என்று
யாரையும் கேட்டுவிடாதீர்கள்.
நீங்கள் டாக்சியில் வந்து இறங்கிய தெரு
இந்தக் கட்டடத்தின் பதினோராவது மாடி.
ஆற்றோரத் தெரு முதல் மாடி.
இருபத்திரண்டில் கதவைத் திறந்தால்
அங்கேயும் பேருந்து நிற்கும்,
இஞ்சி விற்பார்கள், நாய் குரைக்கும்.
வரைபடத்தில் உங்கள் நீலப்புள்ளி
சரியான இடத்தில்தான் இருக்கும்.
எந்த உயரத்தில் என்று மட்டும் சொல்லாது.

பணமா? நோட்டு பையிலேயே இருக்கட்டும்.
நூறு யுவான் தாளை நீட்டினால்
ஃபெங் அண்ணன் சில்லறைக்கு நாலு கடை ஏறி இறங்குவார்,
உங்கள் நூடுல்ஸ் ஊறிக் கூழாகும்.
எல்லாம் போன்தான் இங்கே.
வழி, மொழி, ரயில், சைக்கிள்,
சில கழிப்பறைகளில் காகிதம்கூட.
உங்கள் உயிர் இப்போது எத்தனை சதவீதம்?
பத்தொன்பதா!
அதோ சுவரில், செருகுங்கள்.

சிரிக்காதீர்கள். போன டிசம்பரில்
டுவார்த்தே என்று ஒரு போர்த்துகல்காரர்
இரவு பதினொன்றரைக்கு அழைத்தார்.
"வாசலில் நிற்கிறேன்" என்றார்.
நானும் வாசலில்தான் நின்றேன்.
"சிவப்பு விளக்கு எரிகிறது."
எனக்கும் எரிந்தது.
"மழை பெய்கிறது."
அதே மழைதான்,
அவருக்குப் பத்து மாடி கழித்துப் பெய்தது.
பிறகு அவர் போன் செத்தது.
பேட்டரி வாடகைக்குத் தரும் பெட்டி
அவர் மூக்குக்கு முன்னால் பச்சையாக மின்னிக்கொண்டிருந்ததாம்.
அதைத் திறக்கப் போன் வேண்டும்.

அன்று லிஃப்டும் பழுது.
குடையை மறந்து படியிறங்கினேன்.
சாவிக் கடை லியாவ் சூச்சின் அக்கா
தன் போனைக் காட்டிப் பெட்டியைத் திறந்து
அவருக்கு ஒரு பேட்டரி எடுத்துக் கொடுத்திருந்தாள்.
"எங்கே தங்கியிருக்கிறீர்கள்?" என்று அவள் கேட்டதை
மொழிபெயர்ப்புச் செயலி
"உங்கள் எலும்புகள் எங்கே ஓய்வெடுக்கும்?" என்று சொல்லியதாம்.
நான் போனபோது
பாதி ஆரஞ்சைக் கையில் வைத்துக்கொண்டு
அந்த மனிதர் வெளிறிப்போய் நின்றிருந்தார்.

ரயில் கட்டடத்துக்குள் நுழையுமே, அதைப் பார்க்கணுமா?
கீழே நின்று பார்க்காதீர்கள், ஏறிவிடுங்கள்.
ரயிலை விழுங்குவது போலப் படம் எடுக்க
கீழே முந்நூறு பேர் வாயைப் பிளந்து நிற்பார்கள்.
சன்னலோரம் உட்கார்ந்து
எந்த வாய்க்குள் போகலாம் என்று நீங்களே தேர்ந்தெடுக்கலாம்.

சாப்பாட்டில் "மிதமான காரம்" வேண்டாம்.
காரமே கூடாது என்று சொல்லுங்கள்,
அப்போதுதான் மிதமாக வரும்.
உங்கள் ஊரிலும் மிளகாய் உண்டு என்கிறீர்கள்.
இந்த மிளகு எரிக்காது, மரத்துப்போக வைக்கும்.
உதடு இருக்கிறதா என்று
இரண்டு முறை தொட்டுப் பார்ப்பீர்கள்.
தண்ணீர் கேட்டால் வெந்நீர்தான் தருவார்கள்.
பகையால் அல்ல.

நான் இந்த ஊர்க்காரி இல்லை.
கைஃபெங் பக்கம். கோதுமை வயல்.
சைக்கிளை விட்டுவிட்டால்கூட உருளாத சமதரை.
வந்த முதல் வாரம், தப்பான பொத்தானை அழுத்தி,
ஏழிலிருந்து பத்தொன்பது வரை லிஃப்டில் அழுதேன்.
கதவு திறந்தது. பத்தொன்பதில் ஒரு பூங்கா.
ஒலிபெருக்கி வைத்துப் பெண்கள் வரிசையாக ஆடிக்கொண்டிருந்தார்கள்.
கடைசி வரிசையில் போய் நின்றேன்.
யாரும் பெயர் கேட்கவில்லை.
கை எப்போது தூக்குவது என்று மட்டும்
முன்னால் நின்றவள் திரும்பிக் காட்டினாள்.
ஏழு மணிக்குப் போய்ப் பாருங்கள்.
கடைசி வரிசையில் எப்போதும் இடம் இருக்கும்.

இந்தாருங்கள், உங்கள் பாஸ்போர்ட்.
திரும்பும்போது பதினொன்றை அழுத்துங்கள்.
மறந்து ஒன்றை அழுத்திவிட்டால்
சாவிக் கடையில் விளக்கு எரிகிறதா என்று பாருங்கள்.
அக்காவிடம் என் பெயரைச் சொல்லுங்கள்: பூ யாதிங்.
குரல் கொஞ்சம் ஏறணும், இறங்கணும்.
தட்டையாகச் சொன்னால்
ஏதோ பூட்டு கேட்கிறீர்கள் என்று நினைப்பாள்.

எங்கே, சொல்லுங்கள் பார்க்கலாம்.

இல்லை. இன்னொரு முறை.
இருபத்தாறு சதவீதம்தான் ஏறியிருக்கிறது,
அவசரம் ஒன்றுமில்லை.